தலைவர் சொல்லியும் நான் நிறுத்தாத மணி

இருபத்தாறு வருடம் ஒரே கட்டிடத்தில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கும் நிர்வாக சபைத் தலைவர்கள் ஒன்பது பேரைக் கண்டேன். கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்தில் இருக்கும் பதினேழு மாடிக் கொண்டோ, சனம் சொந்தமாக வீடு வாங்கி இருக்கும் அடுக்குமாடி அது. நான் அதன் சூப்பர், பராமரிப்புக்குப் பொறுப்பானவன். குழாய் ஒழுகினாலும், லிஃப்ட் நின்றாலும், மேல்வீட்டுக்காரர் விடிய வெள்ளனவே மிக்ஸி போட்டாலும் சனம் முதலில் கூப்பிடுவது சூப்பரைத்தான். இந்த ஜூன் மாதம் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு என்று பெயர்தான். பிளாசாவில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்க விடுகிறார்களா? ஒருவர் வந்து, பெப்ரவரியில் நான் எங்கள் புதுத் தலைவரைச் சனத்துக்கு முன்னால் அவமானப்படுத்தினேன் என்கிறார். இன்னொருவர், இல்லை, அவருடைய கதிரையைக் காப்பாற்றிக் கொடுத்ததே நான்தான் என்கிறார். இரண்டும் சுத்தப் பொய். ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டி முடிக்க முதல் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

வேலை பழகிய கதையை நீட்ட மாட்டேன். கனடா வந்து நாலு வருடம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், இரண்டு வருடம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பிறகு ஒரு போர்த்துக்கேயக் கிழவனிடம் கட்டிடத்தைச் சூடாக்கும் பொயிலர் வேலை பழகினேன். அவனுக்கு என்னைவிட ஆங்கிலம் குறைவு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைக் கையில் தட்டித் தட்டியே சொல்லித் தந்தான். அவ்வளவுதான் என் படிப்பு.

மிச்சத்தைச் சொல்லித் தந்தவர் டொறீன். கட்டிடத்தை நிர்வகிக்கும் கொம்பனியின் மனேஜர், ஜமெய்க்கா நாட்டுப் பெண்மணி. மெலிந்த உருவம், வெயிலோ மழையோ எப்போதும் ஒரு மழைக்கோட்டு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று நினைக்க வைக்கிற மாதிரி ஒரு பார்வை மட்டும் இருந்தது. நிர்வாக சபைக்காரர் யாராவது வந்து, யோகன், அதைச் செய், இதைச் செய் என்று வாயால் கட்டளை போட்டால், டொறீன் கோட்டுப் பையிலிருந்து ஒரு பேனையும் சின்னக் கொப்பியும் எடுத்து அவர் கையில் வைப்பார். “அதை இதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், டியர்” என்பார். மிகவும் மரியாதையாக. பாதிப் பேர் பேனையை வாங்கவே மாட்டார்கள். அப்படி எத்தனை விசர்க் கட்டளைகள் அந்த வாசலிலேயே செத்துப் போயின! நானும் அன்றிலிருந்து சேட்டுப் பையில் பேனை இல்லாமல் வேலைக்குப் போனதில்லை.

இனி, மணி விஷயம். அதில் முதல் குற்றவாளி நான்தான், ஒளிக்க மாட்டேன்.

எங்கள் கட்டிடத்தில் பாதிக்கு மேல் எங்கட தமிழ் ஆட்கள். குளிர்காலத்தில் வீட்டிலே கறித்தூள் வறுப்பார்கள். கடையில் எத்தனை வகைத் தூள் விற்றாலும் சில பேருக்குத் தங்கள் கையால் வறுத்துத் திரித்தால்தான் கறி வாய்க்குள் போகும். காய்ந்த செத்தல் மிளகாய் சட்டியில் ஏறியதும் வீடு முழுக்க நெடி. குசினிக் காற்றாடி அதற்குக் காணாது. பல்கனிக் கதவைத் திறந்தால் வெளியே உறைகுளிர். அதனால் என்ன செய்வார்கள்? வாசல் கதவைத் திறந்து, துவாயால் வீசி, புகையைக் கொரிடோருக்குக் கலைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கிற புகைமணி அடித்தால் அந்த வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். கொரிடோரில் இருப்பது அடித்தால் பதினேழு மாடியும் அலறும். மூன்று தீயணைப்பு வண்டி வரும். வெள்ளைக்காரனோ சீனனோ செய்ய நினைக்காத பிழை இது. நாங்கள் மட்டும் மாதத்தில் இரண்டு தரம் செய்வோம்.

முதல் சில வருடங்களில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. மணி அடித்ததும் வாசலில் இருக்கிற பெனலைப் பார்ப்பேன். சுவரில் பதித்த சிவப்புப் பெட்டி அது. எந்த மாடியில் புகையோ அந்த மாடிக்குரிய சின்ன விளக்கு எரியும். அந்த மாடிக்கு ஓடி மூக்கை உறிஞ்சி மணந்து பார்ப்பேன். மிளகாய்தான். இறங்கி வந்து பெனலில் திறப்பைப் போட்டுத் திருகி மணியை நிறுத்தி, எல்லா மாடிக்கும் கேட்கிற மைக்கில், “ஒண்டுமில்லை, ஆரோ தூள் வறுக்கினம், ஒருத்தரும் இறங்க வேண்டாம்” என்று சொல்லிவிடுவேன். சனத்துக்கு அது தேவவாக்கு. பொங்கலுக்கு எனக்கு வருகிற பரிசே அந்தத் தூள்தான். போத்தல் போத்தலாக வரும்.

ஒரு நாள் நான் மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் டொறீன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“எந்த மாடியில் மணந்து பார்த்தாய்?” என்று கேட்டார்.

“எட்டாம் மாடி.”

“மற்றப் பதினாறு மாடியிலும்?”

டொறீன் மணி அடிப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவுக் கொப்பியை எடுத்து, தீயணைப்புப் படையின் கப்டன் வந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் இந்தக் கட்டிடத்தில் யாரும் மணியை நிறுத்துவதில்லை என்று எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். சட்டமும் அதுதான் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? சனத்திடம் நல்ல பெயர் எடுக்கிற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு தரமும் நிறுத்தவில்லை. சனம் முணுமுணுத்துக்கொண்டே படியால் இறங்கியது. ஆனால் பழசை மறக்கவில்லை. “முந்தி யோகன் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்” என்று இருபது வருடமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

எட்டாவது தலைவராகக் கார்த்திக் வந்தார். சென்னைப் பொடியன், கொம்பியூட்டர் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் அவசரக்காரன். வீடு மாறுபவர்கள் லிஃப்டுக்கு நாள் குறிக்கிற பெரிய கொப்பி ஒன்று என் மேசையில் இருந்தது. அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் போனுக்குள் போட்டார். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் சனம் இருந்து கதைக்கிற சாய்மனைகளை அகற்றினார். மணி அடித்தால் இறங்கத்தான் வேண்டும் என்று லிஃப்டுக்குள் படம் போட்டு ஒட்டினார். கொரிடோர்க் கதவைத் திறந்து புகை விட்ட வீடுகளுக்கு எச்சரிக்கைக் கடிதமும் போனது. பழைய ஆட்களுக்கு உச்சந்தலை கொதித்தது.

பழைய ஆட்கள் என்றால் கட்டிடம் புதிதாக இருந்தபோதே வீடு வாங்கியவர்கள். அவர்களுக்குத் தளபதி பன்னிரண்டாம் மாடி செல்வராணி அக்கா. எழுபத்தெட்டு வயது, தனியாள், மகள் வேறு இடத்தில், ஒரு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது. ஒன்றையும் மாற்றக்கூடாது என்பதுதான் அவருடைய கட்சி. போன வருட இலையுதிர் காலத் தேர்தலுக்கு முதல், அந்த முழங்காலோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் வாக்கை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் தாள் இருக்கிறதே, புரொக்சி, அதை ஒரு கட்டாகச் சேர்த்தார். கார்த்திக் தோற்றார். குகதாசன் தலைவரானார். ஊரில் பள்ளிக்கூட உப அதிபராக இருந்தவர், ஒன்பதாம் மாடிக்காரர், இனிய பேச்சு. பழையபடி எல்லாம் வரும் என்று கொப்பியில் தொடங்கி மணி வரைக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

கதிரையில் இருந்த பிறகுதான் மனிதருக்கு வேலை விளங்கியது. கொப்பியைத் திருப்பித் தாருங்கள் என்றால், ஆராய்வோம் என்றார். சாய்மனை பற்றி ஆராய மூன்று பேர் கொண்ட குழு போட்டார். குழு இரண்டு தரம் கூடி வடை சாப்பிட்டது. மணி விஷயத்தை வக்கீலிடம் கேட்பதாகச் சொன்னார். வக்கீல் என்ன சொன்னார் என்பதைச் சொல்லவே இல்லை. நூறு நாள் போயிற்று. கார்த்திக் ஒட்டிய படம் லிஃப்டுக்குள் அப்படியே இருந்தது.

செல்வராணி அக்கா ஒரு நாள் என் அறைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். கண் கலங்கியிருந்தது. அவரை அப்படி நான் கண்டதில்லை.

“கார்த்திக் எங்களுக்கு எதிராளி, யோகன். அவனோட சண்டை பிடிச்சம், மனசுக்குச் சுகமா இருந்தது. உவர் குகதாசன் எங்கட ஆள். நானே வாசல் வாசலாப் போய்க் கொண்டுவந்த ஆள். உவரோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?”

ஒன்பது தலைவரிலும் ஒருவரைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை, அது என் தொழில் ஒழுங்கு. ஆனால் சண்டைக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். தலைவரை நீக்கச் சொல்லிக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார். அதோடு, பன்னிரண்டாம் மாடியில் அவரும் இன்னும் நாலு பழைய வீட்டுக்காரரும் ஒரு முடிவும் எடுத்தார்கள். இனிமேல் மணி அடித்தால் இறங்குவதில்லை. குகதாசன் வந்து மணியை நிறுத்தட்டும், அதுவரைக்கும் வீட்டிலேயே இருப்பது. அதைக் கேட்டதும் நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சினேன். தேத்தண்ணி தந்தார்கள், முடிவை மாற்றவில்லை.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். மணி அடித்தது.

பெனலில் ஒன்பதாம் மாடி விளக்கு. லிஃப்டுகள் தானாக இறங்கி வந்து நின்றன. சனம் படியால் வரத் தொடங்கியது. முதல் ஆளாக ஓடி வந்தவர் தலைவர் குகதாசன், காலில் வீட்டுச் செருப்பு. அவருக்குப் பின்னாலேயே பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து வாசலில் கூடினார்கள். தலைவரின் சுவெட்டரிலேயே மிளகாய் நெடி. ஒருவர் தும்மினார். தூள்தான், தூள்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வெளியே பனி கொட்டுகிறது. எங்களை எதற்கு நிற்க வைக்கிறீர், இதற்கா உமக்கு வோட்டுப் போட்டோம் என்று தலைவரைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று மாதக் கோபம் முழுக்க அந்த வாசலில் வந்து கொட்டியது.

தலைவரின் முகம் வியர்த்துவிட்டது. என்னிடம் வந்தார்.

“யோகன், உந்த மணியை நிப்பாட்டும். தூள்தான் எண்டு எனக்கு நிச்சயமாத் தெரியும். மைக்கில சொல்லும், ஒருத்தரும் இறங்க வேண்டாம் எண்டு.”

“கப்டன் வந்து சொல்லட்டும், அண்ணை.”

“நான் தலைவர் சொல்லுறன்.”

நான் பையிலிருந்து பேனையை எடுத்தேன். பதிவுக் கொப்பியைத் திறந்து இரண்டையும் அவரிடம் நீட்டினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கோ அண்ணை என்றேன். கோபத்தோடு சொல்லவில்லை, சத்தியமாக. டொறீனுக்கு வருகிற அந்த மரியாதை எனக்கும் வரவேண்டும் என்று பார்த்துச் சொன்னேன். அவர் பேனையை வாங்கினார். வாங்கி, வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒருவர், எழுதும் எழுதும் என்று கத்தினார். பேனை முனை தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை.

நான் அவரைப் பார்க்கவில்லை, பெனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் இரண்டாவது விளக்கு எரிந்தது. பன்னிரண்டாம் மாடி, மின்சார அறை.

ஒன்பதாம் மாடி மிளகாய்ப் புகை மூன்று மாடி தாண்டி, பூட்டிய மின்சார அறைக்குள் போகாது. அந்த அறைக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் வைத்திருப்பவன் நான். இது வேறு. அந்த மாடியில்தான் இறங்க மாட்டோம் என்று அடம்பிடித்த ஐந்து வீடும் இருக்கிறது. செல்வராணி அக்காவின் வாசல் அந்த அறைக்கு இரண்டாவது கதவு.

மைக்கை எடுத்தேன். நான் சொன்னால் நம்புகிற சனம், அது எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் இந்தக் குரலால்தான் அவர்களை வீட்டுக்குள் இருக்கப் பழக்கினேன். முதலில் ஆங்கிலத்தில் பன்னிரண்டாம் மாடியை உடனே இறங்கச் சொன்னேன். பிறகு தமிழில், “செல்வராணி அக்கா, யோகன் கதைக்கிறன். இது தூள் இல்லை. உங்கட கோபம் தலைவரோட, என்னோட இல்லை. மற்ற ஆக்களையும் கூட்டிக்கொண்டு வடக்குப் படியால இறங்குங்கோ. இப்பவே இறங்குங்கோ” என்றேன். மூன்று தரம் சொன்னேன்.

வண்டிகள் வந்தன. கப்டனிடம் இரண்டு விளக்கையும் காட்டினேன். படியிறங்க உதவி தேவைப்படுபவர்களின் பட்டியலைக் கொடுத்தேன். அதை மாதத்துக்கு ஒரு தரம் திருத்தி, பெனலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருப்பேன். மின்சார அறைத் திறப்பையும் கொடுத்தேன். அவர்கள் மேலே போனார்கள். நான் வடக்குப் படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணினேன். பன்னிரண்டாம் மாடியில் எட்டு வீடு, பதினாறு பேர். யார் ஊரில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பேர் இந்தியாவில். பதினாலு பேர் வரவேண்டும்.

பதின்மூன்று பேர் வந்தார்கள். செல்வராணி அக்காவைக் காணவில்லை. வந்தவர்களைக் கேட்டால், கதவைத் தட்டி எல்லோரையும் கலைத்துவிட்டதே அவர்தான், எங்களுக்குப் பின்னால் வந்தார் என்றார்கள். கொரிடோரில் அப்போதே புகை வரத் தொடங்கிவிட்டதாம். அந்தச் சில நிமிடம் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. ஒன்பது தலைவருக்கும் பதில் சொல்லியிருக்கிறேன், அக்காவின் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்தப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு தீயணைப்புக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு வர, மற்றக் கையால் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியாக அக்கா இறங்கி வந்தார். தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று அவர்கள் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லையாம். முழங்கால் வீங்கியிருந்தது. வந்து என் தோளைப் பிடித்தார். “நீர் சொன்னபடியால் வந்தன்” என்று மட்டும் சொன்னார். நான் அழுதேன். வெட்கப்படவில்லை, அவ்வளவு சனத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

மின்சார அறையில் பழைய வயர் ஒன்று சூடேறி எரிந்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அந்தக் கொரிடோரில் கை நீட்டினால் கை தெரிந்திருக்காது என்று கப்டன் சொன்னார். ஒன்பதாம் மாடிப் புகை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சனத்துக்கு அன்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். பதிவுக் கொப்பியில் எழுதினேன், வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தலைவரை நீக்குவதற்கான கூட்டம் ஏப்ரலில், கீழ்த்தளத்து மண்டபத்தில் நடந்தது. கதிரை போதாமல் சனம் சுவரோரமாக நின்றது. செல்வராணி அக்கா முன்வரிசையில், மடியில் புரொக்சிக் கட்டு. அந்தக் கட்டு மட்டும் போதும், குகதாசனின் கதை முடிந்துவிடும். நான் வாசல் பக்கத்தில் நின்றேன்.

குகதாசன் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

“அண்டைக்குத் தூள் வறுத்தது எங்கட வீட்டிலதான். மகளுக்கு அனுப்ப என்ர மனுசி வறுத்தவ. கதவைத் திறந்து புகையை வெளியில விட்டது நான். அது தெரிஞ்சபடியால்தான் மணியை நிப்பாட்டச் சொன்னனான். உங்களிட்டை நல்ல பேர் எடுக்க எனக்கு வேற வழி தெரியேல்லை. யோகன் என்ர சொல்லைக் கேட்டிருந்தால், என்னை நீக்க இண்டைக்குப் பன்னிரண்டாம் மாடியில இருந்து ஒருத்தரும் உயிரோட வந்திருக்க மாட்டினம்.”

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த மனிதரில் முதல் தரமாக மரியாதை வந்தது.

செல்வராணி அக்கா எழும்ப நேரமெடுத்தது. யாரோ கை கொடுக்கப் போக, தட்டிவிட்டார்.

“உம்மில எனக்குள்ள கோபம் தீரேல்லை. கொப்பியும் வரேல்லை, சாய்மனையும் வரேல்லை. ஆனால் இவ்வளவு நாளிலயும் இண்டைக்குத்தான் ஒரு உண்மை கதைச்சிருக்கிறீர். தலைவராவே இரும்.” புரொக்சிக் கட்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். பிறகு செயலாளரைப் பார்த்து, தான் ஒரு தீர்மானம் கொண்டுவருவதாகச் சொன்னார். “கப்டன் சொல்லாமல் இந்தக் கட்டிடத்தில ஒருத்தரும் மணியை நிப்பாட்டக் கூடாது. சூப்பர் ஆராயிருந்தாலும், தலைவர் ஆராயிருந்தாலும். எழுதிக்கொள்ளும் பிள்ளை, இதுதான் இந்தக் கட்டிடத்தின்ர வழக்கம். இனி இதை மாத்த வாறவனோட நான் சண்டை பிடிப்பன்.”

வாழ்நாள் முழுக்க ஒன்றையும் மாற்றக்கூடாது என்று நின்ற மனுசி. அவர் வாயால் என் வேலை அந்தக் கட்டிடத்தின் வழக்கமாயிற்று. கொம்பனி தந்த மணிக்கூடும் வாழ்த்து மடலும் வீட்டில் எங்கோ கிடக்கின்றன. எனக்குக் கிடைத்த பட்டம் அந்த ஒரு தீர்மானம்தான், அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் செயலாளர். முதலில் உயர்ந்தது தலைவரின் கை.